மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது? காற்றிலுள்ள கார்பன் கட்டையாகும் வழி

நன்றாகக் காய்ந்த விறகு 100 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 47 கிலோ கார்பன், 45 கிலோ போல ஆக்சிஜன், 6 கிலோ ஹைட்ரஜன். முழுக்க எரித்தபின் மிஞ்சுகிற சாம்பல்தான் மண்ணிலிருந்து வந்த தாதுக்களின் பங்கு. பெரும்பாலான மரங்களில் அது ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் தேறாது. கார்பனும் ஆக்சிஜனும் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை. ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வந்தது.

வேர் மண்ணைத் தின்றுதான் மரம் பருக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அதைச் சோதித்துப் பார்த்தவர் ஃபிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648-இல் இது அச்சாயிற்று. எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். தராசு சொன்னது சரி, முடிவில்தான் பாதி விட்டுப்போயிற்று. 1779-இல் இங்கன்ஹவுஸ், பச்சைப் பாகங்கள் வெளிச்சத்தில் மட்டுமே காற்றை மாற்றுகின்றன என்று காட்டினார். 1804-இல் டி சோசூர் எடைபோட்டு, கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்துதான் செடியின் உடலாகின்றன என்று நிறுவினார்.

இதில் வியப்பு, காற்றில் அந்த வாயு எவ்வளவு குறைவு என்பதுதான். இன்றைய அளவு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்தாயிரம் மூலக்கூறுகளில் நாலே சொச்சம். ஒரு கன மீட்டர் காற்றில் முக்கால் கிராம் அளவுக்குத்தான் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. ஒரு கிலோ உலர்ந்த கட்டை உருவாக 1.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வேண்டும். கணக்குப் போட்டால், ஏறக்குறைய 2,300 கன மீட்டர் காற்றில் உள்ள மொத்தத்தையும் வழித்தெடுத்ததற்குச் சமம்.

வாசல்: இலைத்துளை

இலையின் மேல்தோல் மெழுகு பூசியது. அதன் வழியே வாயு புகுவது மிகச் சொற்பம். உள்ளே போக இருக்கும் வழி இலைத்துளைகள். பெரும்பாலான மரங்களில் இவை இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூறு முதல் முந்நூறு வரை என்பது சாதாரணம். எல்லாம் திறந்திருக்கும்போதும் துளைகளின் மொத்தப் பரப்பு இலைப்பரப்பில் ஓரிரு சதவீதம்தான்.

கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் வழி எளிது. இலையின் அடிப்பக்கத்தில், பெரிய நரம்பு இல்லாத இடத்தில், நிறமற்ற நகப்பூச்சை ஒரு கைவிரல் நக அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். பத்து நிமிடம் காயட்டும். மேலே ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டி, மெல்ல உரித்து, அப்படியே கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். இலைத்தோலின் அச்சு அப்படியே வந்திருக்கும். அவரை விதை போல வளைந்த இரண்டு செல்கள் எதிரெதிரே நிற்க, நடுவில் ஒரு கீற்று தெரியும். அந்தச் செல்கள்தான் காப்புச் செல்கள். பார்வைவட்டத்தின் விட்டம் 0.45 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 0.16 சதுர மில்லிமீட்டர். அதில் 24 துளைகளை எண்ணினால், சதுர மில்லிமீட்டருக்கு 150 என்று ஆகிறது. பூச்சு கனமாகிவிட்டால் அச்சு மங்கும். ரோமம் அடர்ந்த இலையில் இது வேலைக்கு ஆகாது.

விடிந்து வெளிச்சம் பட்டதும் காப்புச் செல்கள் பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கின்றன. பின்னாலேயே தண்ணீரும் புகுகிறது. செல் உப்புகிறது. கீற்றை ஒட்டிய சுவர் தடித்திருப்பதால், உப்பும்போது செல் வெளிப்பக்கமாக வளைகிறது, கீற்று திறக்கிறது. தண்ணீர் போதாமல் போனால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் உருவாகிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது, செல் தொய்கிறது, வாசல் மூடிக்கொள்கிறது.

திறந்த வாசலுக்குள் கார்பன் டை ஆக்சைடை இழுக்க இலையில் பம்பு எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் செல்கள் அதைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டே இருப்பதால், இலையின் உட்புறக் காற்றில் அளவு 300 பிபிஎம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெளியே 420. செறிவு அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வாயு தானாகப் பரவுகிறது, அவ்வளவே. இலைகள் மெல்லியதாகவும் உட்புறம் காற்றறைகள் நிறைந்ததாகவும் இருப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது: கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பரவும் வேகம் பத்தாயிரம் மடங்கு குறைவு. செல்லுக்குள் கடைசியாகத் தண்ணீரைக் கடக்கவேண்டிய தூரம் எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இந்த வாசலுக்கு விலை உண்டு. உள்ளே ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு வருவதற்குள், ஈரமான உட்புறத்திலிருந்து இருநூறு முந்நூறு நீர் மூலக்கூறுகள் ஆவியாகி வெளியே போய்விடுகின்றன. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் இலை மணிக்கு ஒன்றரை கிராம் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும்போது, ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் தண்ணீரை இழக்கிறது. மரம் கார்பனை வாங்கத் தண்ணீரைக் கொடுக்கிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் மரம் நட்டுக் கார்பன் கணக்குப் போடுபவர்கள் மறந்துவிடும் முதல் விஷயம் இது.

உள்ளே நடப்பது

செல்லுக்குள் பசுங்கணிகங்கள் இருக்கின்றன. வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் பச்சையம் ஒளியைப் பிடித்து, அந்த ஆற்றலால் தண்ணீரைப் பிளக்கிறது. ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களும் ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற இரண்டு ஆற்றல் மூலக்கூறுகளை உருவாக்கப் பயன்படுகின்றன. ஆக்சிஜன் தேவையில்லை, வெளியே போகிறது. மரம் விடும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடை உடைத்து வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். அது தண்ணீரிலிருந்து வருவது. 1941-இல் ரூபன், கேமன் குழுவினர் கனமான ஆக்சிஜன்-18 கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வெளிவந்த வாயுவில் அந்த ஆக்சிஜனே இருந்தது.

இரண்டாம் கட்டம்தான் கார்பனைப் பிடிக்கும் இடம். ஐந்து கார்பன் கொண்ட ஒரு சர்க்கரையோடு ஒரு கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது. ஆறு கார்பன் கொண்ட அந்தச் சேர்மம் நிற்காமல் உடனே இரண்டாக உடைந்து, மூன்று கார்பன் கொண்ட இரண்டு துண்டுகளாகிறது. முதல் கட்டத்தில் சேமித்த ஆற்றலைச் செலவழித்து இத்துண்டுகள் எளிய சர்க்கரையாக மாற்றப்படுகின்றன. மூன்று கார்பன் டை ஆக்சைடு உள்ளே வந்தால் ஆறு துண்டுகள் கிடைக்கும். அதில் ஒன்றுதான் லாபம். மற்ற ஐந்தும் பழைய ஐந்து கார்பன் சர்க்கரையை மறுபடி கட்டப் போய்விடும். அந்த ஒரு துண்டுக்குச் செலவு ஒன்பது ஏடிபி, ஆறு என்ஏடிபிஎச். மெல்வின் கால்வின், பென்சன், பாசம் ஆகியோர் கதிரியக்கக் கார்பன்-14-ஐப் பாசிக்குக் கொடுத்து, சில நொடிகளில் கொதிக்கும் ஆல்கஹாலில் கொன்று, கார்பன் எந்தெந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்று படிப்படியாகத் தேடி இச்சுழற்சியைக் கண்டார்கள். கால்வினுக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சேர்க்கும் நொதியின் பெயர் ருபிஸ்கோ. இவ்வளவு முக்கியமான வேலைக்கு இவ்வளவு மந்தமான நொதியா என்று தோன்றும். நொடிக்கு மூன்று போலத்தான் பிடிக்கும். அதே இலையில் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி நொடிக்குப் பல லட்சம் முறை வேலை செய்யக்கூடியது. மந்தத்தை ஈடுகட்ட இலை செய்வது, ருபிஸ்கோவைக் குவிப்பது. இலையில் கரையும் புரதத்தில் பாதிவரைகூட இது ஒன்றே இருக்கும். புரதம் என்றால் நைட்ரஜன். நைட்ரஜன் பற்றாத மண்ணில் இலை வெளுப்பதும் மரம் நின்றுபோவதும் இதனால்தான்.

மந்தம் போதாதென்று ஆள் மாறாட்டமும் செய்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ நாலுக்கு ஒரு முறை, கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அப்படி வந்த தவறான பொருளைச் சரிசெய்ய ஆற்றலும் செலவாகிறது, முன்பே பிடித்த கார்பனில் கொஞ்சம் வெளியேயும் போகிறது. ஒளிச்சுவாசம் என்பது இதுதான். காற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்த காலத்தில் தோன்றிய நொதி என்பதால் அன்று இந்தக் குறை தெரிந்திருக்காது. வெப்பம் ஏற ஏறத் தவறும் கூடும்.

மக்காச்சோளம், கரும்பு, சோளம் போன்றவை இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. வெளிச்செல்களில் வேறொரு நொதியால் கார்பனைப் பிடித்து நாலு கார்பன் அமிலமாக்கி, உட்செல்களுக்கு அனுப்பி, ருபிஸ்கோவைச் சுற்றிக் கார்பன் டை ஆக்சைடைக் குவித்துவிடுகின்றன. இவற்றை சி-4 செடிகள் என்பார்கள். மரங்கள் அநேகமாக எல்லாமே, ருபிஸ்கோவாலேயே நேரடியாகப் பிடித்து மூன்று கார்பன் துண்டுகளாக்கும் பழைய சி-3 வகைதான். கள்ளி, அன்னாசி போன்றவை இன்னொரு வகை: பகலில் வாசலைச் சாத்திவிட்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கார்பன் டை ஆக்சைடை அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் மூடிய இலைக்குள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். தண்ணீர் மிச்சம், வளர்ச்சி மெதுவு.

“இந்தச் செடி இரவிலும் ஆக்சிஜன் விடும்” என்று சுற்றிவரும் செய்திகளுக்கு மூலம் இந்தக் கள்ளி வகைதான். இரவில் இவை கார்பன் டை ஆக்சைடை எடுப்பது உண்மை. ஆனால் ஒளி இல்லாமல் தண்ணீர் பிளவுபடாது, தண்ணீர் பிளவுபடாமல் ஆக்சிஜன் வராது. எந்தச் செடிக்கும் இதில் விலக்கில்லை.

நீங்களே பார்க்க ஒரு சோதனை

தேவையானவை: புதிதாகப் பறித்த மெல்லிய கீரை இலை, சமையல் சோடா, பாத்திரம் துலக்கும் திரவம், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு, உறிஞ்சு குழல், இரண்டு கண்ணாடி டம்ளர். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் சோடாவைக் கரைத்து, துலக்கும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, நுரை வராமல் மெல்லக் கலக்குங்கள். குழலால் இலையில் பத்து வட்டங்களைக் குத்தி எடுத்து சிரிஞ்சுக்குள் போட்டு, சோடாத் தண்ணீரை 5 மில்லி அளவு இழுத்து, இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து பத்து நொடி பிடியுங்கள். வட்டங்களிலிருந்து குமிழிகள் கிளம்பும். பிஸ்டனை விடும்போது காற்றறைகளுக்குள் தண்ணீர் புகும். இரண்டு மூன்று முறை செய்தால் எல்லாம் மூழ்கிவிடும்.

அவற்றை சோடாத் தண்ணீர் உள்ள டம்ளரில் கொட்டி, பளிச்சென்ற வெளிச்சத்தில் வையுங்கள். சோடா கரைந்த கார்பனைக் கொடுக்கிறது. வட்டங்களில் ஆக்சிஜன் குமிழி சேர்ந்து, ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக மேலே மிதக்கத் தொடங்கும். இன்னொரு பத்து வட்டங்களை சோடா சேர்க்காமல், சொட்டுத் திரவம் மட்டும் கலந்த தண்ணீரில் இதேபோல மூழ்கடித்துப் பக்கத்திலேயே வையுங்கள். அவை பெரும்பாலும் கீழேயே கிடக்கும். மிதந்தவற்றை இருட்டில் வைத்தால் சற்று நேரத்தில் சில மறுபடி மூழ்கும். செல்கள் சுவாசித்து அந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதுதான் காரணம்.

எதுவும் மிதக்கவில்லையா? துலக்கும் திரவம் கூடியிருக்கலாம், இலை வாடியிருக்கலாம், வட்டத்தில் தடித்த நரம்பு மாட்டியிருக்கலாம். சூடு கக்கும் பல்பு வேண்டாம், தண்ணீரில் கரைந்திருந்த காற்றே குமிழியாகி ஏமாற்றும். பேக்கிங் பவுடரும் சோடாவும் ஒன்றல்ல.

சர்க்கரை மரமாவது

இலையில் உருவான சர்க்கரை சுக்ரோஸாக மாறி, பட்டையின் உட்புறத்திலுள்ள புளோயம் குழாய்கள் வழியே கீழே இறங்குகிறது. பகலில் மிஞ்சுவது இலையிலேயே மாவுச்சத்தாகத் தங்கி, இரவில் கரைந்து போகிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கேம்பியம் அடுக்கில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். அங்கே வந்த சர்க்கரை செல்லுலோஸாகவும் லிக்னினாகவும் கட்டப்படுகிறது. அப்படிக் கட்டியது எளிதில் திரும்பச் சர்க்கரையாகாது. உட்கட்டை வைரம் பாயும்போது அந்தச் செல்கள் செத்தே போயிருக்கும். கார்பன் நெடுநாள் கிடக்கும் இடம் அதுதான்.

பிடித்த கார்பன் எல்லாம் கட்டையாவதில்லை. ஏறத்தாழ பாதியை மரமே இரவும் பகலும் சுவாசித்துத் திருப்பி விட்டுவிடுகிறது. மிச்சத்திலும் இலை, பூ, காய், நுண்வேர் என்று ஆண்டுதோறும் உதிர்ந்து மக்கிப்போவது கணிசம். அடிமரத்தில் தங்குவது இவையெல்லாம் போக மிஞ்சியது. “ஒரு மரம் ஆண்டுக்கு இத்தனை கிலோ” என்று ஒரே எண்ணை எல்லா மரத்துக்கும் ஒட்டுவது அதனால்தான் சரிவராது. உங்கள் முன்னால் நிற்கும் மரத்துக்கு நீங்களே கணக்கிடலாம்.

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளக்கவும். 94 சென்டிமீட்டர் இருந்தால், 3.14-ஆல் வகுக்க விட்டம் 30. உயரம் 15 மீட்டர், கட்டையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராம் என்று கொள்வோம். வெப்பமண்டல மரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் இது: அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, வந்ததை 0.976 அடுக்குக்கு உயர்த்தி, 0.0673-ஆல் பெருக்கினால் தரைக்கு மேலுள்ள உலர் எடை கிலோவில் வரும். 0.6 × 900 × 15 = 8,100. அதிலிருந்து கிடைப்பது சுமார் 440 கிலோ. வேருக்குக் கால் பங்கு கூட்டினால் 550. அதில் 47 சதவீதம், சுமார் 258 கிலோ, கார்பன். கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 3.67-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 950 கிலோ.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக, இத்தனை ஆண்டுகளாக அந்த மரம் சேர்த்துவைத்தது நானூறு லிட்டர் சொச்சம் பெட்ரோலின் புகை. மரத்துக்கு வயது 25 என்றால் சராசரி ஆண்டுக்கு 38 கிலோ. ஆனால் கன்றாக இருந்தபோது சில கிலோகூட இருந்திருக்காது. தண்டு பருத்தபின் அதே தடிமன் வளையமே அதிகக் கட்டையைச் சேர்க்கும். இக்கணக்கில் பலர் இடறும் இடங்கள் மூன்று: சுற்றளவை விட்டமாக எழுதிவிடுவது, பச்சை மரத்தின் எடையை உலர் எடையாகக் கொள்வது (பச்சைக் கட்டையில் பாதிபோலத் தண்ணீர்), கார்பனையும் கார்பன் டை ஆக்சைடையும் குழப்பிக்கொள்வது. கடைசித் தவறு ஒன்றே விடையை மூன்றரை மடங்குக்கு மேல் மாற்றிவிடும்.

எப்போது குறைகிறது

வறட்சியில் வாசல் மூடுவதைப் பார்த்தோம். வேரில் தண்ணீர் தேங்கினாலும் அதே கதிதான்: மண்ணில் ஆக்சிஜன் இல்லாமல் வேர் திணறும், இலைத்துளை மூடும். சி-3 மரங்களுக்கு இலை வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் நிகர லாபம் சரியத் தொடங்கும். அடர்ந்து நட்ட தோப்பில் கீழ்க்கிளை இலைகள் பிடிப்பதும் சுவாசிப்பதும் சரிக்குச் சரியாகி, மரமே அவற்றை உதிர்த்துவிடும். தூசி படிந்த இலைக்கு வெளிச்சம் குறைவு. மண்ணை வண்டி ஏற்றி இறுக்கிவிட்ட இடத்தில் நட்ட மரம் பல ஆண்டுகள் குட்டையாகவே நிற்கும்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மரமும் கூடுதலாகப் பிடிக்கும் என்பது ஓரளவு உண்மை. பசுமைக்குடில்களில் 800 முதல் 1,000 பிபிஎம் வரை ஏற்றிக் காய்கறி வளர்ப்பது இதை நம்பித்தான். குடிலில் உரமும் தண்ணீரும் தட்டில்லாமல் கிடைக்கின்றன. காட்டில் நைட்ரஜனோ பாஸ்பரஸோ முதலில் தீர்ந்து தடை போட்டுவிடும்.

வீட்டுக்குள் வைக்கும் செடிகள் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குறைக்குமா என்று கேட்பவர்கள் பலர். ஒருவர் நாள் முழுதுக்கும் சராசரியாக மணிக்கு 40 கிராம் போல வெளிவிடுகிறார். முழு வெயிலில் நிற்கும் இலையே சதுர மீட்டருக்கு ஒன்றரை கிராம்தான் எடுக்கிறது. ஒருவருக்கு ஈடுகட்டவே வெயில் படும் 25 சதுர மீட்டர் இலை வேண்டும். அறை வெளிச்சத்தில் அது பல மடங்காகும். அழகுக்கு வையுங்கள், காற்றுக்குச் சன்னலைத் திறங்கள்.

உலக அளவில் நிலத்துத் தாவரங்கள் ஆண்டுக்குப் பிடிப்பது சுமார் 12,000 கோடி டன் கார்பன். பாதியைத் தாமே சுவாசித்து விடுகின்றன. மறுபாதியில் பெரும்பங்கை மக்க வைக்கும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் தீயும் திருப்பிவிடுகின்றன. நிகரமாக நிலத்தில் தங்குவது 300 கோடி டன் அளவில்தான். மனிதர்கள் வெளியிடுவதில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு அது ஈடு. ஹவாய்த் தீவின் மவுனா லோவாவில் 1958 முதல் அளந்துவரும் வரைபடத்தில் இந்த வரவு செலவு கண்ணுக்கே தெரியும்: வடகோளத்தில் இலை துளிர்க்கும் மே மாதத்துக்குப் பிறகு அளவு ஆறேழு பிபிஎம் இறங்கி, இலையுதிர்ந்த பின் மறுபடி ஏறும். ஏறும்போது முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகவே ஏறுகிறது.

மரம் விழுந்து மக்கினால் அதன் கார்பன் சில பத்தாண்டுகளில் காற்றுக்குப் போகும், விறகானால் ஒரே நாளில். உத்தரமாகவோ கதவாகவோ ஆனால் அது நிற்கும்வரை நிற்கும். சருகும் நுண்வேரும் மக்கியதில் ஒரு பங்கு களிமண் துகள்களோடு ஒட்டி நூற்றாண்டுகள் தங்கிவிடுகிறது. உலகின் மண்ணுக்குள் இருக்கும் கார்பன், உயிரோடு நிற்கும் எல்லாச் செடிகொடி மரங்களிலும் உள்ளதைவிட மூன்று மடங்குக்கும் மேல். பழைய காட்டை அழித்து அதே எண்ணிக்கையில் கன்று நட்டால் கணக்கு நேராகாததற்கு இதுவும் காரணம்: வெட்டிய மரத்தோடு, உழுது கிளறிய மண்ணிலிருந்தும் கார்பன் போய்விடுகிறது, கன்று அதை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.